கைக்குள் ஒரு லினக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வடாற்காட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்த கேள்விகளில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் போன்ற, லினக்ஸில் ஓடும் கையடக்க கேம் கருவிகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். ஃபைல், ஃபோல்டர் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். கருவியில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

ஸ்டீம் டெக்கில் ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை கேம் விளையாடுகிறேன். மோட்களை மோட்ஸ் ஃபோல்டருக்குள் போட்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் திடீரென்று ஒரு மோட் கூட வேலை செய்யவில்லை. ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. என்ன ஆயிற்று?
– கல்லூரி மாணவி, காட்பாடி

மோட்கள், அதாவது கேமில் மாற்றம் செய்யும் கூடுதல் ஃபைல்கள், இருக்கின்றன. அவற்றைப் படிக்கிற ஸ்மாபி என்ற மென்பொருள்தான் போய்விட்டது. லினக்ஸில் ஸ்மாபியை நிறுவும்போது, கேமைத் தொடங்கிவைக்கும் சிறிய ஃபைலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைத்துவிடும். கேமுக்கு அப்டேட் வந்தாலோ, நீங்களே வால்வின் கேம் கடையான ஸ்டீமில் ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’ (ஃபைல்கள் சரியா என்று பார்) அழுத்தினாலோ, ஸ்டீம் பழைய ஃபைலைக் கொண்டுவந்து அதன்மேல் எழுதிவிடும். மோட்ஸ் ஃபோல்டரை அது தொடாது. அதனால்தான் எல்லாம் இருந்தும் ஒன்றும் ஓடவில்லை.

ஸ்டீம் பட்டனை அழுத்தி, பவர் மெனுவில் டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். அங்கே வலது டச்பேட்தான் மவுஸ். வலது டிரிகர் சாதாரண கிளிக், இடது டிரிகர் ரைட் கிளிக், ஸ்டீம் பட்டனோடு எக்ஸ் சேர்த்தால் கீபோர்டு. ஸ்மாபியின் புதிய பதிப்பை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, ‘இன்ஸ்டால் ஆன் லினக்ஸ்’ என்ற ஃபைலை இருமுறை தட்டி, டெர்மினலில் ஓட்டச் சொல்லுங்கள். கேம் இருக்கும் இடத்தை அதுவே கண்டுபிடித்துக் கேட்கும். எண்ணை அடித்து என்டர் தட்டினால் போதும். ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளே இருந்தபடியே ஓட்டினால் பாதியில் நிற்கும்.

அதன் பிறகும் ஓடவில்லை என்றால், கேமின் பிராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைப் பாருங்கள். அங்கே புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் கருவி) என்று கட்டாயப்படுத்தியிருந்தால், ஸ்டீம் விண்டோஸ் பதிப்பை இறக்கியிருக்கும். லினக்ஸுக்கான ஸ்மாபி அதில் ஒட்டாது. டிக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: லினக்ஸ் பதிப்பின் சேவ்கள் ஹோமுக்குள் கான்ஃபிக், அதற்குள் ஸ்டார்ட்யூ வேலி ஃபோல்டரில் இருக்கும்; புரோட்டான் பதிப்பின் சேவ்கள் கம்பாட்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் வேறு இடத்தில் இருக்கும். மாறும் முன் சேவ்ஸ் ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள். பண்ணையைக் காணோம் என்று பிறகு தேட வேண்டாம்.

2024 மார்ச்சில் கேமின் 1.6 பதிப்பு வந்தபோது பழைய மோட்கள் பல உடைந்தன. எந்த மோட் தகராறு செய்கிறது என்று அறிய, அதே கான்ஃபிக் ஃபோல்டரில் எரர் லாக்ஸுக்குள் ‘ஸ்மாபி லேட்டஸ்ட்’ என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். கன்டென்ட் பேட்சர் என்ற அடிப்படை மோட் இல்லாமல் அதை நம்பியிருக்கும் மோட்டை மட்டும் போட்டிருந்தால் அதையும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த ஃபைலைப் படிக்காமல் மோட்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது வீண் வேலை.

பேக்மேன் கட்டளையால் சில மென்பொருட்களை நிறுவியிருந்தேன். ஸ்டீம் ஓஎஸ் அப்டேட் ஆனதும் அத்தனையும் மாயம். ஏன்?
– வாசகர், ராணிப்பேட்டை

டெக்கின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ், ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டியது என்பதால் அதன் மென்பொருள் நிறுவியான பேக்மேன் இருக்கிறது. ஆனால் சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே திறந்தது. அந்தப் பூட்டை நீங்கள் அவிழ்த்து எழுதியிருப்பீர்கள். டெக்கில் சிஸ்டத்துக்கு இரண்டு பார்ட்டிஷன்கள் உண்டு. அப்டேட் வந்தால் இப்போது ஓடாத பார்ட்டிஷனில் புதிய சிஸ்டத்தை முழுதாக எழுதி, அடுத்த முறை அதிலிருந்து தொடங்கும். நீங்கள் எழுதியது பழைய பார்ட்டிஷனில் தங்கிவிட்டது. ஹோம் பகுதி இரண்டுக்கும் பொது, அது அழியாது. எனவே டெஸ்க்டாப்பில் உள்ள டிஸ்கவர் என்ற மென்பொருள் கடையிலிருந்து, சிஸ்டம் பகுதியைத் தொடாத ஃப்ளாட்பேக் பொதிகளாக நிறுவுங்கள். அவை அப்டேட்டைத் தாண்டியும் நிற்கும். பேக்மேனைத் தொடாமலே மோட் வேலைகள் அத்தனையும் முடியும்.

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் மோட்களைக் கையாலேயே டேட்டா ஃபோல்டரில் போட்டேன். சில உடைகள் ஊதா நிறமாகத் தெரிகின்றன. ‘டெக்ஸ்சர்ஸ்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கின்றன, ஒன்று பெரிய எழுத்தில் தொடங்குகிறது, ஒன்று சிறிய எழுத்தில். எஸ்கேஎஸ்இ-யும் ஓடவில்லை.
– வாசகர், ஆரணி

கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரு மோட் சிறிய எழுத்திலும் இன்னொன்று பெரிய எழுத்திலும் ஃபோல்டரை அனுப்ப, ஃபைல் மேனேஜர் இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டது. புரோட்டானுக்குள் இருந்து கேமை ஓட்டும் வைன், கேட்ட பெயர் அச்சு அசலாக இருந்தால் அதை எடுக்கும்; இல்லாவிட்டால் எழுத்தின் அளவைப் பாராமல் தேடி, முதலில் அகப்பட்டதற்குள் நுழையும். மற்ற ஃபோல்டரில் இருக்கும் படங்கள் அதன் கண்ணில் படாது. படம் கிடைக்காத இடத்தை ஸ்கைரிம் ஊதா நிறத்தால் நிரப்பும்.

ஒரு ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் மற்றதற்குள் நகர்த்திவிட்டு, காலியானதை அழியுங்கள். ஆனால் அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டர்களிலும் இதே இரட்டை இருக்கக்கூடும். ‘ஆர்மர்’ என்பதே இரண்டாக இருக்கலாம். அடி வரை இறங்கிப் பாருங்கள். மெஷஸ், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்களையும் விடாதீர்கள்.

ஸ்கைரிம் மோட்கள் பலவற்றுக்குத் தேவையான துணை மென்பொருள் எஸ்கேஎஸ்இ. அதன் விஷயத்தில் முதலில் பதிப்பைச் சரிபாருங்கள். கேம் 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20, கேம் 1.6.640 என்றால் 2.2.3, கேம் 1.6.1170 என்றால் 2.2.6. ஒன்று பிசகினாலும் திறக்காது. அதன் லோடர் ஃபைலையும் டிஎல்எல் ஃபைல்களையும் டேட்டாவுக்குள் போடக் கூடாது. கேமின் எக்ஸி இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர் மட்டும்தான் டேட்டாவுக்குள்.

அடுத்த சிக்கல், டெக்கில் ‘ப்ளே’ அழுத்தினால் ஸ்டீம் தொடங்குவது ஸ்கைரிமின் லாஞ்சரை. அதை ஒருமுறை ஓட்டி, கிராஃபிக்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுத்து மூடுங்கள். அப்போதுதான் ஐஎன்ஐ ஃபைல்கள் உருவாகும். பிறகு லாஞ்சரின் பெயரை மாற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, எஸ்கேஎஸ்இ லோடரை நகலெடுத்து அதற்கு லாஞ்சரின் பழைய பெயரையே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். ஸ்டீம் ஏமாந்து லோடரைத் தொடங்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் பிராப்பர்டீஸில் ‘தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மோட் போட்டும் கேமுக்குள் தெரியவில்லை என்றால் பிளகின்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்க வேண்டும். அது ஸ்டீம்ஆப்ஸில் கம்பாட்டேட்டா, அதற்குள் 489830 என்ற எண் ஃபோல்டர், அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போய் ஆப்டேட்டாவின் லோக்கலில் இருக்கிறது. மோட்டின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால்தான் அது இயங்கும். இடம் போதவில்லை என்று கம்பாட்டேட்டா ஃபோல்டர்களை அழிப்பவர்கள் உண்டு. எண் எந்தக் கேமுடையது என்று தெரியாமல் அழித்தால், கிளவுடில் ஏறாத சேவ்களும் சேர்ந்தே போகும்.

ஸ்டார்ட்யூ வேலியைத் தமிழில் மொழிபெயர்த்து மோட் ஆக்க ஆசை. முதலில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. தமிழ் எழுத்துருவைச் சேர்த்த பிறகு ‘கெ’ என்பதில் கொம்பு க-வுக்கு வலப்பக்கம் நிற்கிறது. ‘கொ’ கேட்கவே வேண்டாம்.
– பள்ளி ஆசிரியர், திருவண்ணாமலை

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி. கட்டம் வந்ததற்குக் காரணம் எழுத்துருவில் தமிழ் இல்லாதது. கொம்பு இடம் மாறியதற்குக் காரணம் வேறு.

யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது, எழுத்தைக் கோக்கும் தனி மென்பொருளின் வேலை. போனிலும் கணினியிலும் அது பின்னால் இருந்து செய்துவிடுகிறது. ஸ்டார்ட்யூ வேலியில் அப்படி ஒன்று இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம், அதை இடமிருந்து வலமாக அடுக்கு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கேம் உருவாக்கும் கோடோ 4 எஞ்ஜினில் எழுத்தைக் கோக்கும் மென்பொருள் உள்ளேயே இருப்பதால் அதில் செய்த கேம்களில் இந்தத் தலைவலி இல்லை. யூனிட்டி எஞ்ஜினின் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இந்தத் தலைவலி உண்டு.

வழி என்ன? கேமுக்குக் கோக்கத் தெரியாது என்றால், கோத்த எழுத்தையே கொடுத்துவிடுவது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்துக்கும் தலா 13 வடிவம் என்று 65, ஸ்ரீ ஒன்று. மொத்தம் 313 எழுத்து. ஒவ்வொன்றையும் ஒரே படமாகவும் ஒரே குறியீடாகவும் வைத்துவிட்டால் கொம்பு ஓட இடமே இல்லை. புதிதாகக் குறியீடு கண்டுபிடிக்கத் தேவையில்லை. இதையேதான் டேஸ்16 செய்கிறது. யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் எழுத்துக்கு ஒரு குறியீடு என்று அமைந்த முறை அது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அதற்கான எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது.

செய்யும் வரிசை இது. எழுத்துருவைப் படமாக்கும் பிஎம்ஃபான்ட் என்ற கருவி வைனில் ஓடும். அதில் டேஸ்16 எழுத்துருவை ஏற்றி, தனிப்பயன் பகுதியில் உள்ள தமிழ்க் குறியீடுகளையும் ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறிகளையும் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்யுங்கள். 24 புள்ளி உயரத்தில் 1024-க்கு 512 அளவுப் படம் போதும். ணௌ, ஞொ போன்றவை அகலமானவை என்பதால் 512-க்கு 512 என்றால் நெருக்கடியாகும். வருவது ஒரு எஃப்என்டி ஃபைலும் ஒரு படமும். மோட்டில் கன்டென்ட் பேட்சர் வழியாக ‘அடிஷனல் லாங்குவேஜஸ்’ என்பதில் தமிழைச் சேர்த்து, லத்தீன் எழுத்துருவைப் பயன்படுத்தாதே என்று குறித்து, எழுத்துரு ஃபைலின் பெயரைக் கொடுங்கள். கேம் 1.5.5-லிருந்து இந்த வசதி இருக்கிறது.

மொழிபெயர்ப்பை யூனிகோடிலேயே எழுதுங்கள். கடைசியாகத்தான் மாற்றியில் கொடுத்து டேஸ்16 ஆக்கி மோட்டுக்குள் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு மொழிபெயர்ப்பு இருக்கும் ஜேசன் ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பிழைதிருத்தம் எப்போதும் யூனிகோடு மூலத்தில்தான். டேஸ்16 நகலில் சொல்லைத் தேடக்கூட முடியாது.

எழுத்துருவைவிட உங்களை அதிகம் படுத்தப்போவது வேற்றுமை உருபு. ஆங்கில வாக்கியத்தில் பொருளின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு வளைவுக் குறி இருக்கும். கேம் அங்கே பெயரைச் செருகும். அதன் பின்னால் ‘ஐ’ என்று எழுதிவைத்தால் ‘முள்ளங்கிஐ’, ‘மரம்ஐ’ என்று வந்து நிற்கும். முள்ளங்கியை, மரத்தை என்று புணர்த்த கேமுக்குத் தெரியாது. ஆகவே பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்புங்கள். ‘முள்ளங்கியைப் பெற்றீர்கள்’ வேண்டாம், ‘கிடைத்தது: முள்ளங்கி’ என்றால் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். ‘உடன்’, ‘க்கு’ வரும் இடங்களிலும் இப்படியே. பட்டன்களில் சொல் நீண்டால் வெளியே வழியும். ‘சேமித்து வெளியேறு’ என்பதைவிட ‘சேமி, வெளியேறு’ அடங்கும்.

மே மாதம் மதியத்தில் டெக்கில் பெரிய கேம் ஓட்டினால் அரை மணி நேரத்தில் திணறுகிறது. மின்விசிறி ஓலமிடுகிறது. பழுதா?
– வாசகர், சத்துவாச்சாரி

பழுது டெக்கில் இல்லை, வேலூர் வெயிலில். சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி வரை இருந்தால்தான் டெக் முழுத் திறனோடு ஓடும் என்று வால்வ் நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் கத்திரியில் 40-ஐத் தாண்டும். சிப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-இல் அணைந்துவிடும்.

மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிப்பின் மின்செலவைக் கட்டும் டிடிபி வரம்பைப் போடுங்கள். வழக்கமான உச்சம் 15 வாட். 9 அல்லது 10 வாட்டில் நிறுத்தி, வேகத்தை 40 ஃபிரேமில் கட்டுங்கள். எல்சிடி மாடலின் திரை 40 ஹெர்ட்ஸில் ஓடும். 30 ஃபிரேமில் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிசெகண்ட் நிற்கும், 60-இல் 16.7, 40-இல் 25. நேரக் கணக்கில் அது சரி நடுவில் இருக்கிறது, அதனால் கண்ணுக்கு 30-ஐவிட எவ்வளவோ வழுவழுப்பு, சூடோ 60-ஐவிட வெகு குறைவு.

காற்று பின்பக்கம் நுழைந்து மேல்விளிம்பில் வெளியேறுகிறது. தலையணைமேலோ மடியிலோ வைத்தால் பின்பக்கம் அடைபடும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுவது சூட்டின் மேல் சூடு. எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர் என்றால், ஸ்டீம் ஓஎஸ் 3.7 முதல் பவர் அமைப்பில் சார்ஜ் வரம்பு இருக்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வர பேட்டரி தாங்குமா? என் போன் சார்ஜர் போதுமா?
– வாசகர், வாலாஜாபேட்டை

கணக்கு எளிது. எல்சிடி மாடலின் பேட்டரி 40 வாட்-அவர், ஓலெட் 50. மூன்று புள்ளி மெனுவில் மொத்த வாட் செலவைத் திரையில் காட்டச் சொல்லலாம். 10 வாட் என்றால் 40-ஐ 10-ஆல் வகுத்து நான்கு மணி. போகவர இரண்டிரண்டு மணி நேரம் என்றால் மட்டாகத் தேறும். 20 வாட் தின்னும் கேம் என்றால் அரக்கோணம் தாண்டியதும் சார்ஜரைத் தேடுவீர்கள், சென்னையில் இறங்கும்போது காலி. சார்ஜர் 45 வாட் பவர் டெலிவரி, அதாவது 15 வோல்ட்டில் 3 ஆம்பியர் தர வேண்டும். 18 வாட் போன் சார்ஜர் ஏற்றும், ஆனால் ஆடிக்கொண்டே போட்டால் ஏறுவதைவிட இறங்குவது வேகம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர். வழியில் வீணாவது போக எல்சிடி டெக்கை ஒன்றரை முறை நிரப்பும்.

64 ஜிபி டெக்கில் எஸ்எஸ்டி மாற்ற வேண்டும். இங்கே லேப்டாப் கடையில் கொடுக்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

எம்.2 எஸ்எஸ்டி மாற்றிப் பழகிய கை என்றால் கொடுக்கலாம். வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை என்பதால் இழக்க இங்கே வாரண்டியும் கிடையாது. ஆனால் கடைக்காரரிடம் இவற்றைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மெமரி கார்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும். கார்டு உள்ளே இருக்கும்போது பின்மூடியைக் கழற்றினால் அது இரண்டாக முறியும். இதுதான் அதிகம் நடக்கும் விபத்து. அடுத்து, வால்யூம் பிளஸ்ஸும் பவரும் அழுத்தி பயாஸுக்குள் போய், பவர் பகுதியில் பேட்டரி ஸ்டோரேஜ் மோடை இயக்குங்கள். எல்சிடி மாடலின் பின்புறம் 8 பிலிப்ஸ் (பிளஸ் வடிவ) ஸ்க்ரூ: நீளமானவை 4, குட்டையானவை 4. இடம் மாற்றிப் போடாதபடி ஒரு தாளில் குத்தி வையுங்கள். அவை பிளாஸ்டிக்கிலேயே மரை பிடிப்பவை; முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். ஓலெட் மாடலுக்கு டி6 டார்க்ஸ் வேண்டும். உள்ளே உலோகத் தகட்டின் ஒரு ஸ்க்ரூ ஒட்டுத் தாளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தகட்டை எடுத்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் எஸ்எஸ்டியில் கை வைக்க வேண்டும். பழையதைச் சுற்றியிருக்கும் உறையைக் கழற்றிப் புதியதற்கு மாட்டுங்கள்.

அளவு 2230 மட்டுமே. ஜென் 4 என்று அதிகப் பணம் கொடுக்காதீர்கள். டெக்கின் பாதை ஜென் 3. பழையதில் இருக்கும் சேவ்களை முன்பே நகலெடுத்துவிட்டு, வால்வின் ரெகவரி இமேஜை 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் எழுதி, வால்யூம் மைனஸும் பவரும் அழுத்தி அதிலிருந்து தொடங்கி, ‘ரீஇமேஜ்’ கொடுங்கள். டெக்கில் இருப்பது ஒரே ஒரு டைப்-சி துளை, ஆகவே டைப்-சி பென்டிரைவோ ஹப்போ கையில் இருக்கட்டும்.

பழைய கேம்களை ஓட்டும் மியூ மினி பிளஸ் என்ற கையடக்கக் கருவி வாங்கினேன். ஒரு பிளேஸ்டேஷன் கேமில் இரண்டாவது டிஸ்க்குக்கு மாறினால் சேவ் இல்லை என்கிறது. கார்டும் அடிக்கடி பிழை காட்டுகிறது.
– வாசகர், குடியாத்தம்

கருவியோடு வரும் கார்டை நம்ப வேண்டாம். அது சாகும் முன் உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு, பெயருள்ள கம்பெனியின் கார்டுக்கு மாறுங்கள். அந்தக் கருவியில் போடும் ஆனியன் ஓஎஸ்-க்கு கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் அதைக் காட்டாது, ரூஃபஸ் என்ற மென்பொருள் காட்டும். கருவியை முறையாக அணைக்காமல் கார்டைப் பிடுங்காதீர்கள்.

சேவ் விஷயம் பெயரால் வந்தது. திறக்கும் ஃபைலின் பெயரிலேயே, பிளேஸ்டேஷனின் மெமரி கார்டுக்குப் பதிலான சேவ் ஃபைலும் உருவாகிறது. முதல் டிஸ்க்குக்கு ஒரு கார்டு, இரண்டாவதற்கு வேறு ஒரு காலிக் கார்டு. ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து வரிக்கு ஒரு டிஸ்க் ஃபைலின் பெயராக எழுதி, எம்3யு என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். இனி அதையே திறங்கள்; எல்லா டிஸ்க்குக்கும் ஒரே கார்டு. டிஸ்க் மாற்ற, கேமை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சின் மெனுவில் டிஸ்க் கன்ட்ரோலுக்குப் போய் எஜெக்ட், எண்ணை மாற்று, இன்சர்ட். பழைய சேவை மீட்க, முதல் டிஸ்க்கின் எஸ்ஆர்எம் (சேவ்) ஃபைலுக்கு எம்3யு-வின் பெயரை வையுங்கள். உங்களிடம் டிஸ்க் இருக்கும் கேம் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

டெக்கில் வேலரண்ட் ஓட ஏதாவது மோட் உண்டா?
– பள்ளி மாணவர், வாணியம்பாடி

இல்லை. அதன் ஏமாற்றுத் தடுப்பான் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்காருவது. லினக்ஸில் அதற்கு உட்கார இடமில்லை. ஓட்டித் தருகிறேன் என்று யாராவது ஃபைல் கொடுத்தால் வாங்காதீர்கள் தம்பி, போவது உங்கள் அக்கவுண்ட்.